1874: பாரிஸில் ஒரு ஸ்டூடியோ, மெட்ராஸில் ஒரு பதக்கம்

2024 அக்டோபரில் ஒரு மாதம் மகள் வீட்டில் தங்குவதற்காக அமெரிக்கா போயிருந்தோம். அவள் இருப்பது வர்ஜினியாவில், வாஷிங்டனுக்குப் பக்கம். அங்கே நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் அப்போது 'பாரிஸ் 1874' என்ற கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. முதலில் பாரிஸின் ஓர்சே மியூசியத்தில் 2024 மார்ச் முதல் ஜூலை வரை வைத்திருந்தார்கள். பிறகு செப்டம்பரில் வாஷிங்டன் வந்தது, 2025 ஜனவரி வரை இருந்தது. அனுமதி இலவசம். (அந்த மியூசியத்தில் எப்போதுமே இலவசம்தான். வெளியே ஒரு காபி குடித்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும்.) மூன்று முறை போய்ப் பார்த்தேன். பார்த்ததையும், ஊருக்குத் திரும்பியபின் படித்ததையும் சேர்த்து எழுதிவைத்த குறிப்புகள் இவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் என்றால் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் காலண்டர், சாவிக்கொத்து, பல் டாக்டர் கிளினிக் சுவரில் தொங்கும் அல்லிக்குளம். அழகாக இருக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. இதற்காகவா 150 வருஷம் முன்பு பாரிஸில் அத்தனை பேர் சிரித்தார்கள் என்று இன்றைக்குப் பார்க்கிறவருக்குப் புரியாது. இந்தக் கண்காட்சியை அமைத்தவர்கள் அந்தச் சிக்கலை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். இம்ப்ரெஷனிஸ்டுகளின் படங்களை மட்டும் வைக்காமல், அதே 1874-ல் அரசாங்க ஆதரவோடு நடந்த சலோன் கண்காட்சியின் படங்களையும் கொண்டுவந்து கலந்து மாட்டியிருந்தார்கள். தொடக்கத்திலேயே இரண்டு படங்கள். ஒன்று ஜெரோம் வரைந்த 'லெமினான்ஸ் க்ரீஸ்'. மற்றது மோனேயின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்'.

ஜெரோம் படத்தில் ஓர் அரண்மனைப் படிக்கட்டு. கார்டினல் ரிஷெலியூவின் ஆலோசகரான துறவி ஒருவர், சாதாரணச் சாம்பல் அங்கியில், புத்தகத்தைப் படித்தபடி இறங்கி வருகிறார். எதிரே பட்டும் சரிகையும் போட்ட பிரபுக்கள் வளைந்து வளைந்து கும்பிடுகிறார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. தாண்டிப் போனபின் அதே பிரபுக்கள் முறைக்கிறார்கள். கதை ஒரே பார்வையில் புரிந்துவிடும். சரிகை சரிகையாக, கல் கல்லாக இருக்கிறது. தூரிகை பட்ட தடம் எங்கேயும் தெரியாது. 1874 சலோனில் இதற்குக் கௌரவப் பதக்கம் கிடைத்தது.

பக்கத்தில் மோனே. 48-க்கு 63 சென்டிமீட்டர், ஒரு பெரிய காலண்டர் அளவுகூட இல்லை. ல ஹாவ்ர் துறைமுகம், பனியும் புகையும், இரண்டு மூன்று படகு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன், தண்ணீரில் அதன் சிதறல். அவ்வளவுதான். படகில் நிற்பவர் ஐந்தாறு தீற்றலில் முடிந்துவிட்டார். என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, இது பாதியில விட்ட மாதிரி இல்ல?" என்றாள். 1874 ஏப்ரல் 25-ல் 'ல ஷரிவரி' என்ற கேலிப் பத்திரிகையில் லூயி லெருவா எழுதியதும் இதேதான். சுவரில் ஒட்டுகிற காகிதத்தின் ஆரம்ப நிலைகூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று கிண்டல் செய்தார். அவர் தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலிருந்துதான் 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயர் பரவியது. மோனே அந்தத் தலைப்பைப் படத்துக்கு வைத்ததற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கேட்டலாக் தயாரித்தவர் ஒரு பெயர் கேட்டார். ல ஹாவ்ர் ஊரின் காட்சி என்று இதைச் சொல்ல முடியாது என்பதால் 'இம்ப்ரெஷன்' என்று போடச் சொன்னேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தமிழில் 'மனப்பதிவு' என்று எழுதுகிறோம். சரியான வார்த்தைதான். ஆனால் அதில் அந்த அலட்சியம் வரவில்லை.

கண்காட்சி நடந்த கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது ஓவியக் கதை மட்டும் இல்லை, சீட்டுக் கம்பெனிக் கதையும்கூட. சலோனில் படம் தொங்கினால்தான் விலைபோகும். ஒரு நடுவர் குழு தேர்ந்தெடுக்கும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி மாட்டுவார்கள். தேர்வாகிவிட்டாலும் உங்கள் படம் பன்னிரண்டடி உயரத்தில் போய்விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். இது வேண்டாம் என்று மோனே, பிஸ்ஸாரோ, ரெனுவார், டெகா, பெர்த் மொரிஸோ முதலானவர்கள் 1873 டிசம்பரில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. விதிமுறைகளுக்கு மாதிரியாக ஒரு ரொட்டிக்காரர் சங்கத்தின் சாசனத்தைப் பிஸ்ஸாரோ எடுத்து நீட்டினார் என்பது எனக்கு மிகப் பிடித்த விவரம். எந்தப் படம் எங்கே தொங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். உத்திரமேரூர்க் குடவோலை ஞாபகம் வருகிறதா?

இடம், புகைப்படக்காரர் நாடார் காலி செய்துவிட்டுப் போன ஸ்டூடியோ, பூலவார் தெ கபுசின், எண் 35. (அவர் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நதார்' என்பார்கள், நம் ஊரில் எழுத்துக்கூட்டிப் படித்தால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.) 1874 ஏப்ரல் 15 முதல் ஒரு மாதம். நுழைவுக் கட்டணம் 1 பிராங்க், கேட்டலாக் 50 சான்டிம். வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று ராத்திரி 8 முதல் 10 வரையும் திறந்துவைத்தார்கள். 31 கலைஞர்கள், 200 சொச்சம் படைப்புகள். வந்தவர்கள் சுமார் 3,500 பேர். அதே சமயம் சலோனுக்கு லட்சக்கணக்கில் கூட்டம். நாலே நாலு படம் விற்றதாக வாஷிங்டன் சுவரில் எழுதியிருந்தார்கள். டிசம்பரில் ரெனுவார் ஸ்டூடியோவில் கூடிக் கணக்குப் பார்த்தபோது ஒவ்வொரு பங்குதாரரும் 184.50 பிராங்க் கடன்பட்டிருந்தார்கள். கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். கண்காட்சிகள் மட்டும் 1886 வரை தொடர்ந்தன, மொத்தம் எட்டு.

'சூரியோதயம்' படத்தை அதே வருஷம் எர்னஸ்ட் ஹோஷ்டே என்கிற துணி வியாபாரி 800 பிராங்குக்கு வாங்கினார். அவர் திவாலாகி, 1878 ஏலத்தில் அது 210 பிராங்குக்குப் போயிற்று. (ஹோஷ்டேயின் மனைவி ஆலிஸ், கணவர் இறந்தபின் மோனேயைக் கல்யாணம் செய்துகொண்டார். இது நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) 1985-ல் பாரிஸின் மார்மோத்தான் மியூசியத்திலிருந்து பட்டப்பகலில் கொள்ளை போய், 1990-ல் கோர்சிகாவில் கிடைத்தது.

சரி, இந்தப் படம் ஏன் வேலை செய்கிறது? இதற்கு ஒரு நல்ல விளக்கம் ஹார்வர்ட் நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் சொன்னது. உங்கள் போனில் இந்தப் படத்தை இறக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அதாவது மோனே வரைந்த சூரியன், சுற்றியிருக்கும் வானத்தைவிட வெளிச்சமாக இல்லை. ஒளியளவு கிட்டத்தட்ட ஒன்றேதான், நிறம் மட்டும் வேறு. நம் பார்வையில் இரண்டு பாதைகள் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒன்று ஒளி-இருட்டு வேறுபாட்டை மட்டும் வைத்து, ஒரு பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று சொல்வது. அதற்கு நிறம் தெரியாது. இன்னொன்று நிறத்தையும் உருவத்தையும் பார்ப்பது. மோனேயின் சூரியனை இரண்டாவது பாதை பார்க்கிறது, முதலாவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆகவே சூரியன் இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. லேசாகத் துடிக்கிறது. போஸ்டரிலும் இது தெரியும், நேரில் நன்றாகவே தெரிகிறது.

மோனேக்கு நரம்பியல் தெரியாது. அவர் பார்த்ததை வரைந்தார், அவ்வளவுதான். மேல்நாட்டுப் பனியைப் பார்த்தால்தான் இது புரியும் என்றில்லை. போகிப் பண்டிகை அன்று காலை ஆறேமுக்கால் மணிக்கு அடையாறு திரு.வி.க. பாலத்தில் நின்று கிழக்கே பாருங்கள். மார்கழிப் பனியும் ஊர் முழுக்கப் பழையதைக் கொளுத்திய புகையும் கலந்து முகத்துவாரத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் சூரியன் கண் கூசாத ஒரு செம்பு வட்டு. நேராகப் பார்க்கலாம். வானத்தைவிட வெளிச்சமாக இருக்காது, நிறம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ல ஹாவ்ர் துறைமுகத்திலும் பனி பாதி, ஆலைப் புகை பாதி. டெக்சாஸைச் சேர்ந்த வானியலாளர் டொனால்ட் ஓல்சன், சூரியன் நிற்கும் கோணம், கடல் ஏற்றம், காற்று, வானிலைக் குறிப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு, மோனே ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்த காலை பெரும்பாலும் 1872 நவம்பர் 13, மணி 7.35 என்று சொல்லியிருக்கிறார். 'பாதியில் விட்ட' படத்தில் இவ்வளவு தகவல் இருக்கிறது. ஜெரோமின் படிக்கட்டில் மணி என்ன என்று யாராலும் சொல்லமுடியாது.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். இங்கே என் மனைவியின் அறிவு எனக்குப் பெரிய உதவி. தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போனால், கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், முடிவு செய்வதற்கு முன் புடவையை வாசல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே அரக்காக இருந்தது வெளியே வேறாக இருக்கும். கடைப் பையனும் அலுத்துக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். ஒரு பொருளுக்கு நிலையான நிறம் கிடையாது, விழுகிற வெளிச்சம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பது உஸ்மான் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். சலோன் ஓவியர்கள் வடக்குப் பார்த்த ஜன்னல் கொண்ட ஸ்டூடியோவில், மாறாத வெளிச்சத்தில் வரைந்தார்கள். இம்ப்ரெஷனிஸ்டுகள் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள்.

மயில்கழுத்து நிறப் பட்டு எப்படி வருகிறது? பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நூல் எதுவும் மயில்கழுத்து நிறத்தில் இல்லை. தள்ளி நின்றால் கண் இரண்டையும் கலந்துகொள்கிறது, மடிப்பு அசையும்போது ஒரு நிறம் ஏறி ஒன்று இறங்குகிறது. தட்டில் குழைத்த ஒரே நிறத்துக்கு அந்த மினுமினுப்பு வராது. பிஸ்ஸாரோவின் 'லுவசியென் தோட்டம், பூத்த மரங்கள்' என்ற 1872 படம் வாஷிங்டன் மியூசியத்தின் சொந்தச் சொத்து, 1874 கண்காட்சியில் தொங்கியது. மண் தரையில் கிட்டப் போய்ப் பார்த்தால் இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஆறடி பின்னால் வந்தால் உழுத மண். இதை ஒரு கணக்கான முறையாக, புள்ளி புள்ளியாகச் செய்தவர் பின்னால் வந்த செரா. 1874-ல் இது இன்னும் கைப்பழக்கம்தான்.

நூலுக்கும் ஓவியத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு என் கற்பனை அல்ல. மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் கோளாறு இல்லை. பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பைக் கெடுத்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும். சில ஜோடிகள் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். சில ஜோடிகள் மங்கவைக்கும். 1839-ல் இதைத் தடிமனான புத்தகமாக எழுதினார், ஓவியர்கள் படித்தார்கள். காஞ்சிபுரத்தில் உடலுக்கும் கரைக்கும் நிறம் சேர்க்கிற நெசவாளிக்கு ஷெவ்ரல் தேவைப்படவில்லை. (ஷெவ்ரல் 102 வயது வாழ்ந்தார், 1874-ல் அவருக்கு 87.)

நிழல் விஷயமும் இதில் சேரும். பழைய ஓவியத்தில் நிழல் என்றால் பழுப்பு அல்லது கறுப்பு. மோனே, ரெனுவார் வரைந்த நிழல்கள் நீலம், ஊதா. அந்தக் காலத்து விமர்சகர்களுக்கு இது பெரிய அபத்தமாகப் பட்டது. ஆனால் மொட்டைமாடியில் உலரும் வெள்ளை வேட்டியின் மடிப்பை மூன்று மணி வெயிலில் பாருங்கள். சூரியன் படாத இடத்துக்கும் வானத்தின் வெளிச்சம் வருகிறதே, வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம். வேட்டியை உதாரணமாக எடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போட்ட பொடி நீலம், செயற்கை அல்ட்ராமரைன். அசல் அல்ட்ராமரைன் ஆப்கானிஸ்தானிலிருந்து போன லாபிஸ் கல்லை அரைத்து எடுப்பது, தங்க விலை. 1820-களின் கடைசியில் பிரான்சில் கிமே என்பவர் ஆலையில் தயாரிக்க வழி கண்டுபிடித்தார். அதன்பின் நீலம் மலிவாயிற்று. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்துக்கொண்டு அலைந்தார்கள். மலிவான பிரகாசமான வண்ணம், மூடிபோட்ட டியூப், ஞாயிற்றுக்கிழமை ரயில் — மூன்றும் இருந்ததால் ஆற்றங்கரைக்குப் போய் வரைய முடிந்தது.

இனி மெட்ராஸ்.

கண்காட்சியின் இரண்டாவது நாள், சலோன் படங்கள் தொங்கிய அறையில் நிற்கும்போது, இந்த மாதிரிப் படங்களை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறோமே என்று தோன்றியது. பூஜை அறையில், சலூனில், மளிகைக்கடைக் கல்லாவுக்கு மேலே. சரிகை சரிகையாகத் தெரியும், முகம் மெழுகு போல வழுவழுப்பு, கதை ஒரே பார்வையில் புரியும். அது ரவிவர்மா வழி வந்தது. திரும்பி வந்து வருஷங்களைச் சரிபார்த்தேன். மோனே பிறந்தது 1840, ரவிவர்மா 1848. 1873-ல் மெட்ராஸில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில், தலையில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக ரவிவர்மாவுக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம். அடுத்த வருஷம், அதாவது பாரிஸில் நாடார் ஸ்டூடியோவில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்த அதே 1874-ல், மறுபடியும் மெட்ராஸில் பதக்கம். அந்தப் படம், ஒரு தமிழ்ப் பெண் 'சரபத்' என்ற தந்தி வாத்தியம் வாசிப்பது. 1875-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்தவுடன் ஒரு முடிவுக்கு வருவது சுலபம். அங்கே அவர்கள் பழைய பாணியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள், இங்கே நாம் அதே பழைய பாணியைக் கற்றுக்கொண்டு பதக்கம் வாங்கிக்கொண்டிருந்தோம், நாம் எப்போதும் ஐம்பது வருஷம் லேட். இப்படிப் பேசுகிறவர்களை இலக்கியக் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். வாஷிங்டனில் பார்த்தபின் இந்த வாதம் நிற்காது என்று நினைக்கிறேன்.

முதல் காரணம், 1874-ல் பாரிஸே பாணி மாறிவிடவில்லை. கௌரவப் பதக்கம் ஜெரோமுக்குத்தான். இரண்டு முகாம்களுக்கும் நடுவே சுவரும் இல்லை. அந்த வருஷம் தெ நித்திஸ் என்ற இத்தாலியர் இரண்டு இடத்திலும் படம் வைத்தார். இவர்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி இருந்த மானே, தனிக் கண்காட்சிக்கு வரமாட்டேன் என்று சலோனுக்கே போனார். அவர் அங்கே வைத்த 'ரயில்பாதை' இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. கம்பிவேலிக்கு இந்தப்பக்கம் நாய்க்குட்டியை மடியில் வைத்த பெண், அந்தப்பக்கம் ரயிலின் நீராவி, அதைப் பார்த்து நிற்கும் சிறுமி. ரயிலே கண்ணில் படாது. 1870-71 போரிலும் கம்யூன் கலவரத்திலும் எரிந்த கட்டடங்கள் பாரிஸில் இன்னும் கரியோடு நின்றன. சலோன் சுவர்களில் தோல்வியும் துக்கமும் நிறைய. மோனே கோஷ்டியின் படங்களில் போரே நடக்காத மாதிரி வெயில். எது தைரியம், எது தப்பித்தல் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது காரணம் எனக்கு முக்கியம். ஜெரோமிடம் பல தலைமுறை எண்ணெய் ஓவியப் பயிற்சி இருந்தது, அதை விட்டுவிட மோனேக்கு உரிமை இருந்தது. ரவிவர்மாவுக்கு விடுவதற்கு எதுவும் கையில் இல்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். அவர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோதும் அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதி. இப்படிப் பூட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு வித்தையை எடுத்து, வெள்ளைக்கார அதிகாரிகள் கூடும் மெட்ராஸ் மண்டபத்தில், வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை, கிரேக்க தேவதைக்குத் தருகிற அதே அக்கறையோடு வரைந்து மாட்டினார். சலோன் ஓவியரின் கருவிதான், ஆனால் அதை எடுத்த காரணம் சலோனில் எவருக்கும் இல்லாதது. பிறகு 1894-ல் மும்பையில் அச்சகம் போட்டு, கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுச் சுவருக்கும் லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோனார். எட்டுக் கண்காட்சியிலும் சேர்ந்து இம்ப்ரெஷனிஸ்டுகள் எட்டிய ஜனங்களைவிட இது எத்தனையோ மடங்கு.

அதற்காக இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். கண்காட்சியைப் பார்த்தபின் ரவிவர்மாவின் பெரும்பாலான படங்களில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். மலையாள நாட்டு மழை வெளிச்சம், மெட்ராஸ் நண்பகல், ஒன்றும் கிடையாது. ஐரோப்பிய ஸ்டூடியோவின் மிதமான வெளிச்சத்தில்தான் தமயந்தி நிற்கிறாள். அவருடைய தம்பி ராஜராஜ வர்மா நிலக்காட்சிகளை விரும்பி வரைந்தவர், அண்ணனோடு ஊர் ஊராகப் போனவர். அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் இருந்திருந்தால் என்று தோன்றுகிறது. 1905-லேயே இறந்துவிட்டார், அண்ணன் அடுத்த வருஷம்.

நம் வெயில் ஓவியத்துக்குள் வந்தது பின்னால், எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓவியக் கல்லூரி வழியாக. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. ரொம்ப காலம் கைத்தொழில் பள்ளியாகவே இருந்தது. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானபின் நுண்கலைப் பக்கம் திரும்பியது. அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1940-களில் வரைந்த கேரள நிலக்காட்சிகளில், நீர்வண்ணத்தில், நான் தேடிய வெளிச்சம் இருக்கிறது: தென்னைக்குக் கீழே பச்சை நிழல், வாய்க்காலில் உடையும் வெயில். 1954-ல் அவர் லண்டனிலும் பாரிஸிலும் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பிய மியூசியங்களையும் பார்த்தார். திரும்பி வந்தவர் மேலும் இம்ப்ரெஷனிஸ்டாக மாறவில்லை, நேர் எதிர்ப்பக்கம் போனார். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை: ஜாதகக் கட்டம், கிறுக்கிய எழுத்து, கணக்கு. வெளிச்சமே இல்லை, எல்லாம் தாளின் தட்டைத்தளம். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தைத் தொடங்கினார். ஓவியர்கள் சேர்ந்து பங்குபோட்டு நடத்திய நிறுவனம் என்ற வகையில் 1873 பாரிஸ் கம்பெனிக்கு இது உறவு. இது திவாலாகவில்லை. காரணம், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பணம் சேர்த்து முதலிலேயே நிலம் வாங்கிவிட்டார்கள். பிஸ்ஸாரோவின் ரொட்டிக்காரர்களும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

சென்னையில் இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: பணிக்கரையும் அவர் தலைமுறையையும் சோழமண்டலத்தில் பார்க்கலாம், வார நாளில் போனால் கூட்டம் இருக்காது. எழும்பூர் அருங்காட்சியகத்திடம் ரவிவர்மா படங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குரிய பழைய இடம், ஹென்றி இர்வின் கட்டி 1909-ல் திறந்த அந்தச் சிவப்புக் கல் மண்டபம், பல வருஷங்கள் பழுது என்று பூட்டியே கிடந்தது. நான் பள்ளிப் பையனாக அங்கே போயிருக்கிறேன், பிறகு வெளியே நின்று பார்த்ததுதான் அதிகம். போவதற்கு முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் இங்கே கிடையாது. அதன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். மோனேயும் சிற்பி ரோதானும் ஒரே வயதுக்காரர்கள், 1889-ல் இருவரும் சேர்ந்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ரோதான் வெண்கலத்தில் விரல் தடத்தை வழித்துவிடாமல் அப்படியே வைத்தார், வெளிச்சம் அந்த மேடுபள்ளத்தில் உடைந்து அசையும். ராய் சௌத்ரி ரோதானை ஊன்றிப் படித்தவர். அவர் செய்த உழைப்பாளர் சிலை மெரினாவில் 1959 முதல் நிற்கிறது. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை ஆறு மணி வாக்கில் கடற்கரைப் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழும்போது போய், அந்த முதுகுகளின் மேல்பரப்பை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். ஏழரைக்குள் போய்விடுவது நல்லது. அதற்குமேல் வெயில் உச்சிக்கு ஏறி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.